சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க

“அடி வாங்குறவங்களுக்கு நிஜமா வலிக்குமாப்பா?”

ஏழு வயதில், டப்பிங் தியேட்டரின் இருட்டில், அப்பாவின் மடியில் உட்கார்ந்து அவள் கேட்ட கேள்வி அது. திரையில் வெள்ளை மீசைக்காரன் ஒருவன் தன்மேல் பாய்ந்தவர்களையெல்லாம் வெறும் உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். “வலிச்சா இவ்வளவு அழகா விழ முடியுமா? எல்லாம் பொய்.”

இன்று காலை, அந்த அப்பாவின் தொண்டையில் இருந்த துளையைச் சுற்றி ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். குழாயின் விளிம்பில் சளி காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டியபோது அவருடைய கால்விரல்கள் மடங்கின. தினமும் வந்துபோகும் நர்ஸ் என்றால் ஒவ்வொரு தடவையும் “வலிக்குதா தாத்தா?” என்று கேட்டுவிட்டுத்தான் கைவைப்பாள். மகள் கேட்பதில்லை. ஆனால் நர்ஸைவிடச் சுத்தமாகச் செய்வாள்.

“முடிஞ்சுது. சாஞ்சுக்கங்க.”

அவர் சாயவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, கட்டிலின் இரும்புக் கம்பியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு அவளுடைய போனைக் காட்டினார்.

இரண்டு தட்டு என்றால் இன்னொரு முறை. ஒரு தட்டு என்றால் சரியாக வந்துவிட்டது. டப்பிங் தியேட்டரின் பாஷை அது. மைக் திறந்திருக்கும்போது வாயைத் திறக்க முடியாது என்பதால் பக்கத்தில் நிற்பவரின் தோளில் தட்டித்தான் சொல்வார்கள். புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை எடுத்த பிறகு வீட்டுக்கே அது பாஷையாகிவிட்டது. தட்டிச் சொல்ல முடியாததைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

“காலங்காத்தாலயேவா?”

மறுபடியும் இரண்டு தட்டு.

அவருக்கு வேண்டியது மருந்தோ தண்ணீரோ அல்ல, கருத்துகள். படம் பார்த்தவர்கள் எழுதியிருக்கும் கருத்துகள்.

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குக் குரல் கொடுத்துப் பிழைத்தவர் அவர். பெரும்பாலும் வழிப்போக்கன், போலீஸ்காரன், “எங்களால முடிஞ்சதைச் செஞ்சுட்டோம்” என்று கண்ணாடியைக் கழற்றும் டாக்டர். ஒரே ஒரு முறை, வெளிநாட்டுக் குங்ஃபூ படம் ஒன்று தமிழ் பேசியபோது, வில்லன் அவர் தொண்டைக்குக் கிடைத்தான். படம் வந்தது, போனது, மறந்தும் போனது. சென்ற வருடம் யாரோ அந்தப் பழைய பிரதியைத் தேடியெடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேருக்குச் சொல்வதற்கு ஏதோ இருந்தது. அவர் பேச்சிழந்து படுத்துக் கிடந்த அதே மாதங்களில் அவருடைய குரல் ஊர் ஊராகச் சுற்றியது.

அண்ணன் பல் துலக்கியபடியே அறைக்குள் எட்டிப் பார்த்தான். கார் விற்கும் கம்பெனியில் வேலை. எதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி விற்றுவிடுவான்.

“என்ன, ஸ்டார் எழுந்தாச்சா? இருங்க, நான் ஒண்ணு படிக்கிறேன். நேத்து பஸ்ஸுல இதைப் படிச்சு நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்துல இருந்தவன் வேற சீட்டுக்குப் போயிட்டான்.” பிரஷ்ஷைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு போனைத் தேய்த்தான். “‘ஹீரோ ஒருத்தனை அடிக்கும்போது மத்தவனுங்க எல்லாம் டோக்கன் வாங்கின மாதிரி சுத்தி நின்னு காத்திருக்கானுங்க. நல்ல ஒழுக்கமான ரவுடிங்க.’”

அப்பாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார். சத்தம் வரவேண்டிய இடத்தில், குழாய் வழியே சீழ்க்கை மாதிரி ஒன்று வந்தது.

“அடுத்தது இன்னும் பிரமாதம். ‘நெஞ்சுல ஈட்டி, வாயில வசனம். வில்லன் அரைமணி நேரமா செத்துட்டே பேசுறான். டேய், யாராச்சும் அவனைச் சாகவிடுங்கடா.’”

“உங்களுக்கு அறிவே கிடையாதா?” சமையலறையிலிருந்து அண்ணி கத்தினாள். “இந்த நேரத்துல அவர்கிட்ட படிக்கிற விஷயமா அது?”

“அவருதானே கேக்குறாரு! ஏம்ப்பா, படிக்கலாம்ல?”

ஒரு தட்டு.

“பாத்தியா? ஓகே டேக்.” அண்ணன் வாய் கொப்பளிக்கத் திரும்பினான். அப்பா சிலேட்டை இழுத்து எழுதிக் காட்டினார்: *என் குரல்?*

அண்ணன் அதைப் படித்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்தான். “அதெல்லாம் பாப்பா டிபார்ட்மெண்ட்” என்று சொல்லிவிட்டு நழுவினான்.

நாற்பது தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான். பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் போன் செய்யும் புகார் மையத்தில் வேலை. அப்பாவுக்கு முடியாமல் போனதிலிருந்து காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே பார்த்தாள். யாரோ செய்த தப்புக்கு யாரிடமோ “மன்னிச்சுக்கங்க சார், சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்க மேடம்” என்று நாள் முழுக்கச் சொல்வாள். அதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தாள். மழமழவென்று, எங்கும் பிடிபடாத குரல். கருத்துகளையும் அந்தக் குரலில்தான் படிப்பாள்.

“‘சண்டைக்குப் பத்துக்குப் பத்து. கம்பியில கட்டித் தூக்காம உடம்பால சண்டை போட்ட காலம். ஆனா வில்லன் பேசறது தகர டப்பாவைப் படிக்கட்டுல உருட்டின மாதிரி இருக்கு.’”

அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“‘வாய் மூடின அப்பறமும் வசனம் வருது. வயித்துல இன்னொரு வாய் இருக்கு போல.’”

இரண்டு தட்டு. இன்னொன்று.

அவள் நிதானமாகக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். தேடியது கிடைத்தது.

“‘சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க. நல்ல படம்.’”

குழாயில் மூச்சு ஒரு நொடி நின்று, பிறகு வந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு தட்டுத் தட்டினார். அவள் அதையே மறுபடி படித்தாள்.

முதலில் அவள் இப்படிப் படிக்கவில்லை. மோசமானதைத் தாண்டிப் போய், நடுத்தரமானதாகப் பொறுக்கித்தான் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். அதை மாற்றியது ஒரு கருத்து. “‘இந்தப் படத்துல ஒரே உண்மை அந்தப் பொடியன் அழுகைதான். கேட்டா நெஞ்சு அடைக்குது. யாரு அந்தக் குழந்தை?’”

அந்தக் குழந்தை அவள்.

படத்தில் வில்லனான வெள்ளை மீசைக்காரன் குருவைக் கொன்றுவிட்டுப் போவான். சின்னச் சீடன் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அழ வரவேண்டிய குழந்தைக்கு அன்று காய்ச்சல். “என் பொண்ணு அழுவா” என்று அப்பா சொல்லிவிட்டார். ஸ்டூல் போட்டு அவளை மைக்கின் முன்னால் ஏற்றினார்கள். படத்தின் அந்தச் சின்னத் துண்டு திரையில் திரும்பத் திரும்ப ஓடியது. அழுது பார்த்தாள். தோளில் இரண்டு தட்டு. மறுபடி அழுதாள். இரண்டு தட்டு. “பொய்யா அழாத” என்று காதுக்குள் சொன்னார். அடுத்த முறை திரையில் பையன் வாயைத் திறந்த அதே நொடியில் அப்பாவின் உள்ளங்கை அவளுடைய இடது கன்னத்தில் விழுந்தது.

துண்டு ஓடி முடிந்தது. விக்கிக்கொண்டே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்து யோசித்தார். பிறகு அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

இன்னொரு முறை. அதற்குப் பிறகும் இன்னொரு முறை. கடைசியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர்தான் எழுந்து நின்று, “வந்துடுச்சு சார், அருமையா வந்துடுச்சு, போதும்” என்றார். அந்த முறை அவர் எதையும் பதிவு செய்யவில்லை. அவருடைய இரண்டு கைகளும் முழு நேரமும் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததை ஸ்டூல்மேல் நின்ற குழந்தை பார்த்திருந்தது. வெளியே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் கன்னத்தோடு அந்த டம்ளரும் அவள் நினைவுக்கு வரும். மனிதர்களை முழுக்க வெறுத்துவிடாமல் அவளை அத்தனை வருடம் காப்பாற்றியது அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான் என்றால் மிகையில்லை.

வீட்டில் கன்னம் ஏன் வீங்கியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். ஸ்டூலிலிருந்து விழுந்துட்டேன் என்றாள் குழந்தை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அதன்பின் அம்மா போய்ச் சேர்ந்தாள். அந்த நாளைப் பற்றி யாரும் பேசியதில்லை. அந்தக் கருத்தைப் படித்த அன்று, அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு படித்தாள். அவருடைய கண்கள் பளிச்சென்று மின்னின. சிலேட்டை வாங்கிப் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்: *நான் அழவெச்சது.* அவளிடம் காட்டினார். அண்ணனிடம் காட்டினார். அன்று வந்த நர்ஸிடமும் காட்டினார். “அட, அப்படியா தாத்தா!” என்றாள் அந்தப் பெண், ஒன்றும் புரியாமல்.

அன்றிலிருந்துதான் தேட ஆரம்பித்தாள். எவ்வளவு கேவலமாக எழுதியிருக்கிறார்களோ அவ்வளவு தெளிவாகப் படித்தாள். அவரும் விடவில்லை. இவ்வளவு குப்பைக்குள் தனக்கென்று ஒரு நல்ல வார்த்தை எங்கோ இருக்கும், இன்னொன்று படித்தால் வந்துவிடும் என்பதுபோலத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நல்ல வார்த்தை வந்தும்விட்டது. போன வாரம், அவர் தூங்கும்போது கண்ணில் பட்டது. நீளமாக, அவருக்காகவே எழுதியதுபோல ஒன்று. அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். படிக்கவில்லை. அன்று கன்னத்தில் விழுந்த அறையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதட்டும், அந்த நிமிஷமே படித்துக்காட்டுகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தன் பேச்சைத் தான் மீறமாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“வேலைக்கு நேரமாச்சு” என்று எழுந்தாள்.

அவருடைய கை எழுந்தது. போனைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். கை போனைத் தாண்டி மேலே வந்து, அவள் இடது கன்னத்தில் தொட்டு நின்றது. உள்ளங்கை சில்லென்று இருந்தது. எடை இல்லாத கை.

அவள் அசையவில்லை. பிறகு அந்தக் கையை எடுத்துப் போர்வையின்மேல் வைத்து, மடியில் சிலேட்டைப் போட்டு, சாக்பீஸை விரல்களுக்கு நடுவே செருகினாள்.

“எழுதுங்க.”

நேரம் பிடித்தது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. ஆனால் படிக்க முடிந்தது.

*வலிச்சுதா?*

எத்தனையோ வருடமாக அந்த இடத்தில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது அவற்றில் எதுவும் வரவில்லை. வந்தது புகார் மையத்துக் குரல்.

“வலிச்சா அவ்வளவு அழகா அழ முடியுமாப்பா? எல்லாம் பொய்.”

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை நகர்த்தி, அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அவளுக்குப் புரிந்தது. பொய்யாகச் சொல்லியிருக்கிறாள், இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார். சொல்லியிருக்கலாம். எடுத்து வைத்திருந்ததைப் படித்தும் காட்டியிருக்கலாம், அவர்தான் கேட்டுவிட்டாரே. போன் கையிலேயே இருந்தது. ஆனால், நாம் எத்தனை வருஷம் காத்திருந்தோம், இவர் ஒரு பகல் காத்திருக்கட்டுமே என்று தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்கு இனிக்கவும் செய்தது.

“சாயங்காலம் பாத்துக்கலாம்ப்பா” என்றாள்.

மத்தியானம், வாஷிங் மெஷின் தண்ணீர் கக்குகிறது என்று ஒருவர் அவளைத் தாறுமாறாகத் திட்டிக்கொண்டிருந்தார். “உங்க மூஞ்சியிலயே ஊத்துனா தெரியும்!” என்றார். “சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்க சார்” என்று அவள் சொல்லும்போது அண்ணி வாசலில் வந்து நின்றாள். முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

“வேற ஏதாவது உதவி வேணுமா சார்?” என்று கேட்டு, வேண்டாம் என்று அவர் போனை வைத்த பிறகுதான் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

அறையில் நர்ஸ் குழாயை எடுத்துவிட்டு, துளையின்மேல் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். “தூக்கத்துலயே அக்கா. ஒரு முனகல்கூட இல்ல” என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பாவின் மடியிலிருந்த சிலேட்டை அண்ணி எடுத்து, ஈரத் துணியால் பளிச்சென்று துடைத்து, அலமாரிமேல் வைத்தாள். கை பரபரத்தது அவளுக்கு. ஏதாவது சுத்தம் செய்தாக வேண்டும்.

“அண்ணி, அதுல…”

“என்ன பாப்பா?”

“ஒண்ணுமில்ல.”

அண்ணன் வேலையிலிருந்து ஓடிவந்தான். லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கட்டிலின்மேல் போனை எறிந்துவிட்டு, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள்.

அப்போது அப்பா சிரித்தார்.

“ஹா… ஹா… ஹா… ஹா! உன் உயிர் இனிமேல் என் கையில்!”

நின்றவர்களில் ஒருத்தி அலறியேவிட்டாள். அண்ணனின் போன். வில்லன் சிரிப்பைத்தான் அவன் ரிங்டோனாக வைத்திருந்தான். “அப்பா குரல் நம்மகிட்ட இருக்கட்டுமே” என்று சொல்லித்தான் வைத்தான். கேட்பவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போன் எங்கோ போர்வை மடிப்புக்குள் போயிருந்தது. அவன் தேடத் தேடச் சிரிப்பு நீண்டது. தலையணையைத் தூக்கினான். பிணத்தின் முதுகுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தான். “உன் உயிர் இனிமேல் என் கையில்!” வாய் லேசாகத் திறந்து கிடந்த முகத்துக்கு அந்தக் குரல், என்ன கொடுமையோ, அச்சாகப் பொருந்தியது. சுவரோரம் நின்ற ஒரு பெரியவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

போன் கிடைத்தபோது அதை நிறுத்தத் தெரியாமல் அண்ணன் இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். “நிக்க மாட்டேங்குது பாப்பா… நிக்க மாட்டேங்குது…” என்று அப்போதுதான் அழ ஆரம்பித்தான்.

அவள் அதை வாங்கி நிறுத்தினாள். “போய் டாக்டரைக் கூட்டிட்டு வாண்ணா. அவர் பாத்து எழுதிக் குடுத்தாத்தான் மத்ததெல்லாம்.” அவன் தலையாட்டிக்கொண்டு போனான். சிரித்த பெரியவர், தானே முன்வந்து, “நானும் வரேன்ப்பா, நீ தனியாப் போகாத” என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அண்ணி மற்றவர்களைக் கூடத்துக்கு அழைத்துப் போய் நாற்காலி போட்டாள். நர்ஸ் கை கழுவப் போனாள்.

அறையில் அவள் மட்டும்.

கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியே வந்த வெயில் அவருடைய நெற்றிவரை ஏறியிருந்தது. திரையை இழுத்துவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, தன்னுடைய போனைத் திறந்து, தனியாக எடுத்து வைத்திருந்ததைத் தேடினாள். கண் கொஞ்ச நேரம் எழுத்துகளைப் பிடிக்கவில்லை. பிறகு படித்தாள்.

“‘எனக்குக் கண் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போனே எழுதிக்குது, தப்பு இருந்தா மன்னிக்கணும். இந்தப் படத்தைச் சின்ன வயசுல தம்பியோட போய்க் கேட்டேன். இப்ப மறுபடி கேட்டேன். சண்டையில யார் எங்க நிக்கிறாங்கன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா வெள்ளை மீசைக்காரன் எந்தப் பக்கம் திரும்பறான், யாரைப் பாத்துப் பேசறான், எப்ப அவனுக்கே உள்ளுக்குள்ள பயம் வருது, எல்லாம் அந்தக் குரல்லயே தெரிஞ்சுது. என் வாழ்க்கையில நான் பாத்த ஒரே வில்லன் அவர்தான். குரல் குடுத்தவர் யாரோ, கடவுள் அவருக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும்.’”

நிறுத்தினாள். வார்த்தை பிசகாமல், மழமழவென்று படித்திருந்தாள். புகார் மையத்துக் குரல்.

போர்வையின்மேல் கிடந்த விரல்களைப் பார்த்தாள். அவை அசையவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு இரண்டு தட்டுத்தான் விழும் என்று அவளுக்கே தெரிந்தது.

அவருடைய காதுக்குக் கிட்டே போய், முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள். மெதுவாக. “நான் பாத்த ஒரே வில்லன்” என்ற இடத்தில் குரல் உடைந்தது. சரிசெய்யாமல் அப்படியே விட்டு, கடைசிவரை படித்தாள்.

படிக்கட்டில் அண்ணனின் காலடியும் டாக்டரின் காலடியும் ஏறி வருவது கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறப்பதற்கு முன்னால் திரும்பி வந்தாள். ஆள்காட்டி விரலால் அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.